பிடிஎஃப் வந்த பிறகும் ஆயிரம் டாலர்: மறுஅச்சு காணாத ஒரு புத்தகத்தின் விலை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கம் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பழைய புத்தகம் சேர்க்கிறவர். அவர் வீட்டு இரண்டாம் கட்டில் மூன்று டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. திறந்தால் அந்துருண்டை வாசம் மூக்கைத் துளைக்கும். உள்ளே எல்லாம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள். சென்னையில் அச்சாகி, ரயிலடியிலும் சந்தையிலும் பாடிப் பாடி விற்ற மெல்லிய வெளியீடுகள். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு என்று அன்றைக்கு ஊர் எதைப் பேசியதோ அதெல்லாம் அதில் உண்டு. தாள் இப்போது அப்பளம் மாதிரி. திருப்பினால் ஓரம் உதிர்கிறது.

“ஸ்கேன் செய்து வைத்துவிடலாமே ஐயா” என்றேன்.

“படம் புடிச்சு நெட்டுல போட்டுட்டா, அப்புறம் இதை யாரு தம்பி காசு குடுத்து வாங்குவா?” என்றார்.

இந்தப் பயத்தைப் பல சேகரிப்பாளர்களிடம் பார்த்திருக்கிறேன். உலகத்தில் ஒரே ஒரு பிரதியாக இருக்கக்கூடிய நூலைக்கூட இந்தக் காரணத்துக்காகவே பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள். பூட்டி வைத்ததை ராமபாணப் பூச்சி தின்கிறது. அதனால் கேள்வியை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மின்பிரதி இலவசமாகக் கிடைத்தால், அச்சில் இல்லாத ஒரு நூலின் சேகரிப்பு விலை இறங்குமா?

இதைச் சோதிக்க ஏதாவது ஒரு பழைய புத்தகத்தை எடுத்தால் போதாது. அது மறுபடி அச்சாகாத நூலாக இருக்க வேண்டும். அதன் மின்பிரதி தேடினவர் கைக்கெல்லாம் சிக்கியிருக்க வேண்டும். மின்பிரதி பரவுவதற்கு முன்னும் பின்னும் அது என்ன விலைக்குப் போனது என்பதும் வெளியே தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்துகிற ஒரு நூல் அமெரிக்காவில் இருக்கிறது. பங்குச் சந்தை பற்றியது. சேகரிப்பாளர்கள் வழக்கமாகத் தேடும் வகையே இல்லை. அதனாலேயே இந்தச் சோதனைக்கு நல்லது.

கிளார்மனின் புத்தகம்

சேத் கிளார்மன் 1957-ல் பிறந்தவர். 1982-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்த கையோடு பாஸ்டனில் பாபோஸ்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தொடக்கத்திலேயே சேர்ந்தார். 1991-ல் ஹார்ப்பர்காலின்ஸ் அவருடைய ‘மார்ஜின் ஆஃப் சேஃப்டி’ நூலை வெளியிட்டது. விலை 25 டாலர். தலைப்புக்குப் ‘பாதுகாப்பு இடைவெளி’ என்று பொருள். தலைப்பும் கருத்தும் முதலீட்டு நூலாசிரியர் பெஞ்சமின் கிரகாம் போட்ட பாதையில் வந்தவை. கிரகாம் 1949-ல் எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூலின் கடைசி அத்தியாயம் இதைப் பற்றியதுதான். ஒரு சொத்து உண்மையில் எவ்வளவு பெறும் என்று கணக்குப் போடு. அதைவிட நன்றாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கு. உன் கணக்கு கொஞ்சம் தப்பிப்போனாலும் அந்த இடைவெளி உன்னைக் காப்பாற்றும். இதுதான் சாரம்.

நூல் அப்போது பெரிதாக ஓடவில்லை. சுமார் 5,000 பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். பிறகு அச்சு நின்றது. கிளார்மன் மறுபதிப்புக்குப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

ஆனால் அவர் நிறுவனம் வளர்ந்தது. சந்தையில் அடுத்தவர்கள் பணத்தை இழந்த காலங்களிலும் தாக்குப்பிடித்தவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. பெயர் வளர வளர, பழைய புத்தகக் கடைகளில் அந்த நூலைத் தேடினார்கள். 2006-ல் பிசினஸ்வீக் பத்திரிகை அதை 700 டாலர் பழைய புத்தகம் என்று எழுதியது. அட்டை விலையைப் போல 28 மடங்கு.

அடுத்த கட்டம்தான் நமக்கு முக்கியம். யாரோ நூலை ஸ்கேன் செய்து வலையில் விட்டார்கள். இன்னொருவர் முழுசாகத் தட்டச்சு செய்தே ஒரு பிரதி உருவாக்கினார். இரண்டும் உலகம் சுற்றின. பங்கு வாங்கி விற்கிற நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலேயே அந்த பிடிஎஃப் எனக்கு மூன்று முறை வந்திருக்கிறது. இது காப்புரிமை உள்ள நூல் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அனுமதி இல்லாமல் சுற்றுகிற பிரதி அது. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் பரவியது நடந்த விஷயம். போதாததற்கு, அந்த பிடிஎஃபை எடுத்துத் தாளில் அடித்து, அட்டை ஒட்டி மலிவாக விற்கிற திருட்டுப் பதிப்புகளும் வந்துவிட்டன.

பெரியவரின் பயம் சரியென்றால், இந்தக் கட்டத்தில் அசல் பிரதியின் விலை சரிந்திருக்க வேண்டும். 25 டாலர் வரை இறங்காவிட்டாலும் 700-க்குக் கீழாவது வந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. நல்ல நிலையில், மேலுறையோடு உள்ள அசல் பிரதிக்கு இன்று கடைக்காரர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். கிளார்மனின் கையெழுத்து இருந்தால் இன்னும் கூடும்.

ஏன் இறங்கவில்லை?

முதலில் வாங்க நிற்பவர்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். 5,000 பிரதிகளில் ஒரு பங்கு நூலகங்களில் இருக்கிறது. ஒரு பங்கு கிழிந்தோ தொலைந்தோ போயிருக்கும். மீதி பெரும்பாலும் அலுவலக அலமாரிகளில், விற்கவே நினைக்காதவர்களிடம் இருக்கிறது. ஆக, எந்த ஒரு நாளிலும் விற்பனைக்கு இருப்பது கைவிரலில் எண்ணக்கூடிய பிரதிகள். விலையை நிர்ணயிக்கிறவர்கள் அந்தச் சில பிரதிகளுக்கு முன்னால் நிற்கிற சில பேர். அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். இந்த நூலைப் படிக்க ஆசை, ஆனால் ஆயிரம் டாலர் தரவே மாட்டார்கள். பிடிஎஃப் வந்ததும் வரிசையை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் இந்தப் பின்வரிசைக்காரர்கள். அவர்கள் இருந்தபோதும் விலையை ஏற்றவில்லை, போனதால் இறக்கவும் இல்லை.

முன்வரிசையிலும் சிலர் போயிருப்பார்கள். அதை மறைக்கக் கூடாது. 2006-ல் இந்த நூலைப் படித்தே ஆக வேண்டும் என்று 700 டாலர் எண்ணி வைத்த இளம் ஆய்வாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று அவர் பணம் கட்ட மாட்டார். ஆனால் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார்: பிடிஎஃபில் படித்து, பிடித்துப்போய், அசலைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர். ஓய்வு பெறுகிற மேலாளருக்குப் பரிசாகத் தர அசலைத் தேடியவர். திருட்டுப் பதிப்பு பெருகியதும், ‘இது அசல்தானா?’ என்ற கேள்விக்கே தனி மதிப்பு வந்தது. பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள எண்வரிசையில் 1 இருக்கிறதா (இருந்தால் முதல் அச்சு), மேலுறை எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். நகல் வந்த பிறகுதான் அசல் என்ற சொல்லுக்கே வேலை வருகிறது.

சரி, பிடிஎஃப்தான் விலையை ஏற்றியதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் கிளார்மனின் புகழும் ஏறிக்கொண்டிருந்தது. 2008-ல் கிரகாமும் டேவிட் டாடும் எழுதிய ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ நூலின் ஆறாம் பதிப்புக்கு அவர் முதன்மைப் பதிப்பாசிரியர். 2023-ல் வந்த ஏழாம் பதிப்புக்கும் அவரே. புகழ் எவ்வளவு ஏற்றியது, பிடிஎஃப் எவ்வளவு ஏற்றியது என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு நூல் போதாது. பிடிஎஃப் வந்தும் விலை இறங்கவில்லை என்பது மட்டும் உறுதி.

வாசிப்பவர் இலவசமாகப் பார்த்துவிட்டுத் தாளை வாங்க வருவார் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்கிறது. ஹார்வர்ட் நூலகத்தின் பழைய நூல்களை 2005 முதல் கூகுள் ஸ்கேன் செய்தது. அபிஷேக் நாகராஜ், இம்கே ரைமர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் அந்த நூல்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்கேன் ஆன நூல்களை நூலகத்தில் இரவல் வாங்குவது குறைந்தது. கடையில் அச்சுப் பிரதி வாங்குவது கூடியது. மறந்துபோன நூல் ஒன்று கண்ணில் பட்டதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. இது சாதாரணப் பிரதிகளின் விற்பனை பற்றியது, ஏல விலை பற்றியது இல்லை. ஆனாலும் திசை தெரிகிறது.

ஒரு மேலுறையின் விலை

கிளார்மனின் நூல் விஷயத்தில் ஒருவர் வாதிடலாம்: “அந்த பிடிஎஃப் சட்டப்படியானது இல்லை, அதனால்தான் அசலுக்கு விலை நின்றது.” அதற்கு ‘தி கிரேட் கேட்ஸ்பி’யைப் பார்க்கலாம். ஃபிட்ஸ்ஜெரால்டின் இந்த நாவல் 1925-ல் வந்தது. 2021 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் அதன் காப்புரிமை முடிந்தது. இன்று யார் வேண்டுமானாலும் அதை இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். கடையில் மலிவுப் பதிப்பும் கிடைக்கும்.

அதன் முதல் பதிப்பு, மேலுறை இல்லாமல் இருந்தால் சில ஆயிரம் டாலர் போகும். பிரான்சிஸ் குகாட் வரைந்த நீலப் படம் போட்ட அந்த மேலுறை நல்ல நிலையில் கூட இருந்தால் லட்சம் டாலரைத் தாண்டும். உள்ளே இருக்கும் எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். ஒரு தாள் உறைக்குத்தான் அந்த வித்தியாசம். அந்த உறையின் பின்பக்கத்தில் கேட்ஸ்பியின் முதல் பெயரில் ஓர் எழுத்து சின்னதாக விழுந்துவிட்டது. அதைக் கையால் திருத்தினார்கள். சேகரிப்பாளர்கள் அந்தத் திருத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். எந்த மின்பிரதியும் போட்டி போட முடியாத இடம் அது.

பெரிய ஏலங்களிலும் இதே கதைதான். பறவை ஓவியர் ஆடுபனின் ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 435 படங்கள் கொண்டது. அதன் எல்லாப் படங்களும் உயர்தரத்தில் இலவசமாக இறக்கக் கிடைக்கின்றன. அசல் தொகுப்பு 2010-ல் லண்டனில் சுமார் 1.15 கோடி டாலருக்கும், இன்னொன்று 2018-ல் நியூயார்க்கில் 96.5 லட்சம் டாலருக்கும் போயின. 1640-ல் மாசசூசெட்ஸில் அச்சான ‘பே சாம் புக்’ என்ற சங்கீதப் பாட்டு நூலின் ஒரு பிரதி 2013-ல் சுமார் 1.42 கோடி டாலர். அதைப் படிக்க அசல் தேவையில்லாமல் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதே நிழற்படப் பதிப்புகள் வந்துவிட்டன.

இறங்கிய இடம்

இதுவரை சொன்னதைக் கேட்டால் எந்தப் புத்தகத்துக்கும் பயமில்லை என்று தோன்றும். அது உண்மை இல்லை.

என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா 1990-ல் அமெரிக்காவில் 1,20,000 செட் விற்றது. பிறகு சிடி வந்தது, அப்புறம் இணையம் வந்தது. 2010 பதிப்பு 32 தொகுதிகள். 12,000 செட்தான் அச்சானது. 2012 மார்ச்சில் ‘இனி அச்சு கிடையாது’ என்று அறிவித்தபோது அதிலேயே 4,000 செட் கிடங்கில் மிஞ்சிக் கிடந்தன. பழைய செட்களை இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துப்போக ஆள் இல்லாத நிலை. இங்கே மின்வடிவம் விலையை அடியோடு சாய்த்தது. காரணம், அந்த நூலை எல்லோரும் வாங்கியது தகவலுக்காக. தகவல் வேறு இடத்தில் சீக்கிரமாகக் கிடைத்தால் தாள் வெறும் பாரம். ஆனால் ஒரு வேடிக்கையான விஷயம்: அச்சு நிற்கிறது என்ற செய்தி வந்ததும் கிடங்கில் கிடந்த அதே செட்கள் மளமளவென்று விற்றன. 1,395 டாலர் கொடுத்து வாங்கினார்கள். நேற்றுவரை தகவல் களஞ்சியமாக இருந்தது இன்று கடைசிப் பதிப்பு ஆகிவிட்டது. 1768-க்கும் 1771-க்கும் இடையே எடின்பரோவில் வந்த முதல் பதிப்பை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. அந்த மூன்று தொகுதிகளைச் சேகரிப்பாளர்கள் இன்னமும் தேடுகிறார்கள்.

இதை நான் என்னிடமே பார்த்தேன். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளைப் பல வருடம் தேடினேன். கட்டுரை எழுதும்போது புரட்ட வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். வரிசையை விட்டுப் போன ஆள் நான்தான். நான் சேகரிப்பாளனாக அந்த வரிசையில் நிற்கவில்லை, வாசகனாக நின்றிருந்தேன்.

மின்பிரதியைவிட விலையை வேகமாக இறக்குவது தாளில் வரும் மறுபதிப்பு. ‘ஒன்ஸ் எ ரன்னர்’ என்று ஓட்டக்காரர்களைப் பற்றிய ஒரு நாவல். ஜான் எல். பார்க்கர் 1978-ல் தானே அச்சிட்டு விற்றார். அச்சில் இல்லாத காலத்தில் ஓட்டக்காரர்கள் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள், சாதாரணப் பழைய பிரதிக்கே பெரிய தொகை கேட்டார்கள். 2009-ல் ஸ்கிரிப்னர் மறுபதிப்பு கொண்டுவந்தது. அதோடு படிக்க நினைத்தவர் எல்லாம் கடையில் சாதாரண விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அதுவரை சுற்றிய பழைய பிரதிகளின் பவுசு போனது. திரையில் படிக்கப் பிடிக்காத வாசகரைக்கூட மறுபதிப்பு வரிசையிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. கிளார்மனின் நூல் நாளைக்கு மறுபடி அச்சானால் ஆயிரம் டாலர் பிரதிகளில் பாதிக்காவது அடி விழும் என்று நான் நினைக்கிறேன். முதல் அச்சும் கையெழுத்தும் தாங்கும். முனை மடங்கி, அடிக்கோடு போட்ட பிரதி தாங்காது.

இன்னொன்றையும் பலர் பிடிஎஃப் மேல் போடுகிறார்கள், உண்மையில் பழி வேறு இடத்தைச் சேர வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் பழைய புத்தகம் விற்கிற ஏப்புக்ஸ் போன்ற இணையத்தளங்கள் வந்தன. அதற்கு முன் ஒரு கடைக்காரர் ஒரு நூலை இருபது வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருப்பார். அரிது என்று நம்பி விலை போடுவார். தளம் வந்ததும் அதே நூல் உலகம் முழுக்க நாற்பது கடைகளில் இருப்பது ஒரே திரையில் தெரிந்தது. அரிதாகத் தோன்றிய நூல்களின் விலை இறங்கியது. உண்மையிலேயே அரிதானவை அப்போதுதான் ஏறின. நகல் எடுத்ததால் வந்த மாற்றம் இல்லை இது. எண்ணிப் பார்க்க முடிந்ததால் வந்தது.

மின்படத்தின் உண்மையான ஆபத்து

சேகரிப்பாளர் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. 2005-ல் நியூயார்க் வணிகர் ஒருவர் கலிலியோவின் ‘சிடேரியஸ் நுன்சியஸ்’ பிரதி ஒன்றை வாங்கினார். 1610-ல் வெனிஸில் அச்சான நூல். மற்றப் பிரதிகளில் நிலவின் செதுக்குப் படங்கள் இருக்கும் இடத்தில் இதில் மையால் வரைந்த ஓவியங்கள் இருந்தன. கலிலியோவே வரைந்தவை என்று நம்பினார்கள். ஜெர்மன் அறிஞர்கள் தாள், மை எல்லாம் சோதித்து அசல் என்றார்கள். 2012-ல் நிக் வைல்டிங் என்ற வரலாற்றாசிரியர் அது போலி என்று காட்டினார். தலைப்புப் பக்கத்தில் ஒரு சொல்லில் ஓர் எழுத்தே மாறியிருந்தது. நூலின் படங்களிலிருந்து ஒளியுணர் பாலிமர் அச்சுத் தகடு செய்து, பழைய தாள் போன்ற தாளில் அடித்திருந்தார்கள். பின்னால் இருந்தவர் மரினோ மாசிமோ டி காரோ. நேப்பிள்ஸில் கிரோலாமினி நூலகத்தின் இயக்குநராக இருந்து, அதே நூலகத்தின் புத்தகங்களைத் திருடியதற்குத் தண்டனை பெற்றவர்.

நல்ல படம் கையில் இருந்தால் நல்ல போலி செய்யலாம். போலி புழங்கினால் அசல் வைத்திருப்பவரும் சந்தேகத்துக்கு ஆளாவார். ஆனால் அதே தொழில்நுட்பம்தான் வைல்டிங் போன்றவர்கள் பல நகரங்களில் உள்ள பிரதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வழி செய்கிறது. திருடுபோன நூலை ‘இது எங்களுடையது, 14-ஆம் பக்கத்தில் இந்தக் கறை இருக்கும்’ என்று நிரூபிக்கவும் ஸ்கேன்தான் உதவும்.

மறுபடி காரைக்குடி

இதையெல்லாம் பெரியவரிடம் ஒரு பிற்பகல் முழுக்கச் சொன்னேன். பக்கத்தில் கோட்டையூர்தான் புத்தகச் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா வாழ்ந்த ஊர் என்பதையும் நினைவுபடுத்தினேன். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவருடைய சேகரிப்பை வாங்கி, அதை வைத்துச் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாகாமல் போயிருந்தால், இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் பாதி நூல்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். குஜிலிப் புத்தகத்துக்கு விலை என்று ஒன்று இருப்பதே, அதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதி நாலு பேருக்குத் தெரிந்ததால்தான். பெட்டிக்குள் இருக்கும்வரை அது பழைய தாள். யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அதில் நகல் இல்லாதவை நிரந்தரமாகப் போயின. ‘நூலகம்’ என்ற இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்ப்பதற்குப் பின்னால் அந்தத் தீயின் நினைவும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ சொல்ற கணக்குப்படி, யாராவது இதை மறுபடி புத்தகமா போட்டா எனக்கு நட்டம்தானே?”

“நல்ல நிலையில் இருக்கிற அசலுக்கு நட்டம் வராது ஐயா. ஆனால் உங்கள் பிரதிகள் நல்ல நிலையில் இல்லை” என்றேன். மனசு கேட்கவில்லை, ஆனால் உண்மை அதுதான். அட்டை போய்விட்ட, ஓரம் உதிர்ந்த பாட்டுப் புத்தகத்துக்கு அதில் உள்ள பாட்டுதான் மதிப்பு. கேட்ஸ்பியின் மேலுறை மாதிரி தாங்கிப் பிடிக்க அதனிடம் எதுவும் இல்லை. வேறெங்கும் பிரதி இல்லை என்பது ஒன்றுதான் அதன் பலம். இன்னொரு பிரதி எங்காவது இருக்கிறதா என்பது, இதன் முதல் பக்கமாவது வெளியே தெரிந்தால்தான் தெரியவரும்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டாவது பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த பழைய வேட்டித் துணியை விலக்கி, பதினொரு புத்தகங்களைப் பொறுக்கி எடுத்தார். இரண்டை மறுபடி உள்ளே வைத்தார். மீதி ஒன்பதை என் மடியில் வைத்து, “வெளிச்சம் நேரா படாம எடு. பக்கத்தை நான்தான் திருப்புவேன்” என்றார்.